இடம் பத்தாத பத்திரிகை

போடியில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எது வைத்தாலும் முதல் சண்டை அருணாவின் மேசையில்தான் நடக்கும். பெரியப்பா பெயருக்கு மேலே சித்தப்பா பெயர் எப்படிப் போகலாம் என்று இரண்டு வேட்டிகள் அவள் முன்னால் முறைத்துக்கொண்டு நிற்கும். அவள் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருப்பாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கிற அந்த அச்சகத்தில் அவள் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணமாகி வந்த மறுவருஷம் உட்கார்ந்தவள். இப்போது அவள் மகளுக்கே கல்யாண வயது. கண்ணெரிச்சல், கழுத்து வலி, வலது மணிக்கட்டில் ஒரு குடைச்சல், இந்த மூன்றும் முதலாளி கொடுக்காமலே அவளுக்கு வந்து சேர்ந்த போனஸ்.

அவளுடைய பழைய கம்ப்யூட்டரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்தாலும் அது கண் விழித்திருக்காது. உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் மாவு மில் மாதிரி கேட்கும். கரண்டு போனால் யூபிஎஸ் கீச்சுக்கீச்சென்று கத்தும். அது அடங்குவதற்குள் சேமித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மணமகனின் தாத்தாவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். அதன் வயிற்றுக்குள் போடி தாலுகாவின் பாதிச் சொந்தபந்தம் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் மூத்தவளுக்கு அடித்த பத்திரிகையை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி இளையவளுக்கு அடித்துக் கொடுத்துவிடுவாள்.

ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. பழியை வாங்கிக்கொள்ளும். பையனுடைய அப்பா, பெண்டாட்டி அந்தப் பக்கம் திரும்பியிருக்கிற நேரம் பார்த்து, "அந்த மச்சினன் பேரக் கொஞ்சம் கீழ தள்ளுத்தா" என்று காதோடு சொல்லிவிட்டுப் போவார். பத்திரிகை கைக்கு வந்ததும் அந்த மச்சினன் மூக்கு விடைக்க வந்து நிற்பார். அருணா முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு, "அண்ணே, சிஸ்டம் மாத்தி விட்டுருச்சுண்ணே, வைரசு" என்பாள். அவருக்கும் தெரியும், வைரஸுக்கு மச்சினன் மேல் என்ன கோபம் என்று. இருந்தாலும் வாங்கிக்கொள்வார். கோபத்தை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டுமே. சிலமலையிலும் ராசிங்காபுரத்திலும் எத்தனையோ வீடுகளில் மாமனும் மச்சானும் இன்றைக்கும் பேச்சுவார்த்தையோடு இருக்கிறார்கள் என்றால், அதில் அந்த இல்லாத வைரஸுக்கும் பங்கு உண்டு.

அந்தப் பெட்டி போன தை மாசம், முகூர்த்த நெருக்கடியில், ஒரு நாள் காலையில் விழிக்கவே இல்லை. பழுது பார்க்க வந்தவர் திருகாணிகளைக் கழற்றினார், ஊதினார், மூடினார். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார். முதலாளி அழகுராஜா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புதுப் பெட்டியில் பழைய மென்பொருள் ஏறாது. புது மென்பொருளை வாங்குவதற்கு அச்சகத்தையே விற்க வேண்டும் என்று புலம்பினார்.

வழி சொன்னது அருணாவின் மகள் ரோஜா. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீடியோ அழைப்பில் வந்து முதலாளியிடமே பேசினாள்.

"எதுக்கு மாமா சாப்ட்வேர் வாங்கிக்கிட்டு? நெட்டுலயே எல்லாம் சும்மா கெடைக்குது. பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தாப் போதும். பைல் எல்லாம் மேல இருக்கும். டிஸ்க் போச்சு, கரண்டு போச்சுன்னு ஒன்னும் அழிஞ்சு போகாது."

"மேலன்னா எங்கத்தா?" என்றார் அழகுராஜா, நிஜமாகவே மேலே பார்த்து.

"எங்கயோ. அது நமக்கெதுக்கு?"

"நம்ம பெட்டின்னா நம்ம கடைக்குள்ள கெடக்கும். அடுத்தவன் வீட்டுல கொண்டுபோயி வச்சா, அவன் நாளைக்குக் கதவ அடைச்சுட்டான்னா?"

"இப்ப ஒங்க கடைக்குள்ளதான கெடந்துச்சு. என்னாச்சு?"

முதலாளி, "நீ என்ன சொல்ற அருணா?" என்று திரும்பினார்.

"எதுல அடிச்சாலும் உக்காந்து அடிக்கப்போறது நாந்தான்" என்றாள் அருணா. வேறென்ன சொல்ல?

இலவசம் வந்தது. கூடவே இலவசத்தின் சங்கடங்களும் வந்தன. சாக்கடைக்குத் தெருவைத் தோண்டினால் கேபிள் அறுந்துவிடும். நெட் இல்லாத அச்சகத்தில் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நல்ல தமிழ் எழுத்துரு நாலைந்துதான் இருந்தது; மற்றதெல்லாம் காசு கொடுத்தால்தான் திறக்கும். நல்லது ஒன்று உண்டு, எங்கிருந்தும் திருத்தலாம். அந்த நல்லதே அவளுக்கு வினையாகப் போயிற்று. முன்பெல்லாம் அச்சகத்தைப் பூட்டினால் வேலை பூட்டுக்குள் இருக்கும். இப்போது அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கைபேசியில் வரும். "அக்கா, பாட்டி பேருக்கு முன்னாடி அமரர் போட மறந்துட்டோம், லேசா போட்டுருங்க." அந்த லேசான வேலையில் அவளுக்கு எத்தனையோ தடவை குழம்பு அடிப்பிடித்திருக்கிறது. பஸ்ஸில் திருத்தினாள், ரேஷன் வரிசையில் திருத்தினாள், காய்ச்சலோடு படுத்துக்கொண்டு திருத்தினாள். பழைய பெட்டி செத்ததோடு அவளுடைய சாயங்காலங்களும் செத்துப்போயின.

இந்த அலுப்புக்கு நடுவில்தான் ரோஜாவுக்கு வரன் அமைந்தது. தேனிப் பக்கத்துப் பையன், நல்ல இடம். எல்லாருக்கும் சந்தோஷம். அருணாவுக்கு மட்டும் அந்தச் சந்தோஷத்தின் அடியில் ஒரு முள் கிடந்து உறுத்தியது. அது அவளுடைய அண்ணன் சின்ராசு.

சின்ராசு போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி. அப்பா இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்தவர், கட்டிக்கொடுத்தவர் எல்லாம் அவர்தான். ரோஜா பெரிய மனுஷியானபோது சடங்கு வைத்தார்கள். அந்தப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர்தான் முதலில் வர வேண்டும். அருணா அப்படித்தான் அடித்தாள். ஆனால் அவள் புருஷன் பேச்சிமுத்து, தன் அண்ணன் மொக்கச்சாமியின் தொல்லை தாங்காமல், அவளுக்குத் தெரியாமல் முதலாளியிடம் சொல்லி மாற்றிவிட்டான். மொக்கச்சாமி மேலே ஏறினார், சின்ராசு கீழே இறங்கினார். ஜீப்பு நிறையச் சீர் கொண்டுவந்த சின்ராசு, பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தார். புருஷனைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் அவள் வழக்கமான பொய்யைச் சொன்னாள். "சிஸ்டம் மாத்திருச்சுண்ணே. வைரசு."

அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பொய்யைப் பல தடவை கேட்டுச் சிரித்தவர் அவர். "எங்கிட்டயேவா?" என்றார். சீர்த் தட்டுகளை இறக்கிவைத்துவிட்டு, பந்தியில் உட்காராமல் ஜீப்பில் ஏறிப் போனவர்தான். அதன் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மதினி தேவி மட்டும் நல்லது கெட்டதுக்குப் போனில் பேசுவாள். தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுக்காத கல்யாணத்தை அருணாவால் நினைத்தே பார்க்க முடியவில்லை. பெண் மணவறைக்கு வரும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவர் மலைமேல் நின்றுகொண்டிருந்தால், அப்புறம் என்ன மேளம், என்ன தாளம்?

"இந்தத் தடவை வைரசுன்னு ஒருத்தரும் சொல்ல முடியாதும்மா" என்றாள் ரோஜா. "பத்திரிகைய நெட்டுல போட்டு லிங்க்க எல்லாருக்கும் அனுப்புவோம். மாமா தன் பேரு மொதல்ல இருக்குறத அவரு கண்ணாலயே பாக்கட்டும்."

நல்ல யோசனைதான். குடும்பக் குழுவில் இணைப்பு போனது. ஆனால் பார்க்கிற உரிமையோடு திருத்துகிற உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள் மகாராசி.

அன்றைக்கு மத்தியானம் அச்சகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அருணா திடுக்கிட்டாள். அவள் கை வைக்காமலே எழுத்து நகர்ந்தது. சிலமலை மொக்கச்சாமி, தன் மகன் துணையோடு, மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தார். பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கோடு சிமிட்டியது. அடுத்த நிமிஷம் ஊதா நிறத்தில் இன்னொரு கோடு வந்து அவரைக் கீழே தள்ளியது. அது ராசிங்காபுரத்து நாத்தனார். ஒரு சித்தப்பா தன் பெயருக்குப் பின்னால் 'முன்னாள் வார்டு உறுப்பினர்' என்று சேர்த்தார். இன்னொருவர் அதைப் பார்த்துவிட்டு 'சமூக ஆர்வலர்' ஆனார். இருபது வருஷமாக அவள் மேசைக்கு முன்னால் நின்று சண்டை போட்டவர்கள் இப்போது மேசைக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். சின்ராசு மட்டும் அதில் இல்லை. தோட்டத்தில் ரேஞ்சு கிடையாது. மெயின் ரோட்டுக்கு வந்தால்தான் போன் உயிர் பெறும். அப்படி வந்த ஒரு நாளில் அவர் திறந்து பார்த்தபோது, அவர் பெயர் மணமகனின் சின்னம்மாவுக்கும் கீழே கிடந்தது. குழுவில் ஒன்றும் எழுதாமல் வெளியேறிவிட்டார்.

அருணா அன்றைக்கு அழுதாள். அழுதுவிட்டு மூத்தவர் மொக்கச்சாமிக்குப் போன் போட்டாள்.

"மாமா, எங்கண்ணன் பேரு மேலதான் இருக்கணும். இல்லாட்டி நான் பத்திரிகையே அடிக்கல."

தம்பி பெண்டாட்டி இப்படிப் பேசி மொக்கச்சாமி கேட்டதில்லை. கனைத்துக்கொண்டே இறங்கி வந்தார், ஆனால் சும்மா இறங்கவில்லை. அவருடைய மகன்கள், மருமக்கள், பேரன் பேத்தி அத்தனை பெயரும் வர வேண்டும் என்றார். அதைக் கேள்விப்பட்ட மற்றவர்களும் அதையே கேட்டார்கள்.

ரோஜா திருத்துகிற உரிமையை எல்லாரிடமிருந்தும் பிடுங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பக்கம் சோறு வெந்துகொண்டிருக்க, அருணா கைபேசியில் அந்தப் பத்திரிகையைச் சரிபண்ணினாள். அண்ணன் பெயர் தாய்மாமன் என்று தனி வரியில் முதலில். அதன் கீழே மற்ற கூட்டம். ஏலக்காய் பறிக்கப் போகிற ஜீப்பில் ஆளேற்றுகிற மாதிரி இடித்து, நெருக்கி, ஒருவர் மடியில் ஒருவரை உட்காரவைத்து எல்லாரையும் ஏற்றிவிட்டாள். முதலாளி பார்த்தார், சரி என்றார். பேச்சிமுத்து பார்த்தான், ரோஜா பார்த்தாள், மூத்தவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பத்திரிகை அச்சுக்குப் போனது.

முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. வெற்றிலை பாக்குத் தட்டோடு பேச்சிமுத்துவும் அருணாவும் ஜீப்பில் மேலே போனார்கள். சின்ராசு வீட்டில் இல்லை. காட்டுக்குள் இருக்கிறார், வர நேரமாகும் என்றாள் தேவி. ஆள் விட்டால் வந்துவிடுகிற தூரம்தான் என்று மூன்று பேருக்கும் தெரியும். தட்டை தேவியிடமே கொடுத்துவிட்டு இறங்கினார்கள்.

அதற்கப்புறம் அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அருணா யார் யாருடைய பெயர்களையோ தட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தால் பதறி எடுப்பாள். யாராவது பாட்டிக்கு அமரர் போடச் சொல்வார்கள். அலுப்பு என்றால் உடம்பு அலுப்பு இல்லை. இவ்வளவு பேரை ஊரெல்லாம் சேர்த்துவைத்தோமே, கூடப் பிறந்த ஒரே ஆளைச் சேர்த்துக்கொள்ள முடியவில்லையே என்கிற அலுப்பு.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அச்சக வாசலில் நிழல் தட்டியது. சின்ராசு. தோட்டத்துப் பூட்ஸோடு, தலையில் கட்டின துண்டோடு, ஜீப்பிலிருந்து அப்படியே இறங்கி வந்திருந்தார். கையில் பத்திரிகை.

"வாண்ணே" என்று எழுந்தாள் அருணா. நாற்காலியைக் காட்டினாள்.

அவர் உட்காரவில்லை. பத்திரிகையை மேசை மேல் விரித்துப் போட்டார். "யாரு பாத்த சோலி இது?"

அருணா முதல் வரியைத் தொட்டுக் காட்டினாள். "ஒம் பேரு மொதல்லதாண்ணே இருக்கு. தனி வரில போட்டுருக்கேன். நல்லாப் பாரு."

"எம் பேரு கெடக்கட்டும். ஒம் பேரு எங்கத்தா?"

அருணாவுக்கு முதலில் புரியவில்லை. குனிந்து பார்த்தாள். எங்கள் மகள் செல்வி ரோஜாவின் திருமணத்துக்கு வருக வருக என்று இருந்தது. அழைக்கிறவர்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'பேச்சிமுத்து குடும்பத்தார்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு சின்னத் தாத்தா தன் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். பத்திரிகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பெண்ணைப் பெற்றவள் அதில் எங்கேயும் இல்லை. இத்தனை பேர் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் பெயரைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"மாப்ள பாத்த சோலியா? இல்ல, அந்தச் சிலமலைக்காரனா?" சின்ராசுவின் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "சொல்லு. கேட்டுட்டுத்தான் மலையேறுவேன். அன்னைக்கு என்னய எறக்குனாங்க, போகட்டும்னு போயிட்டேன். இன்னைக்கு ஒன்னயவே தூக்கிட்டாங்களா?"

"அண்ணே, சிஸ்டம்ல..." என்று வாயெடுத்த அருணா அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

அழகுராஜா எழுந்து வந்தார். "யாரு மாத்துனான்னு இதுல அத்தனையும் பதிவாகியிருக்கும் அருணா. ஒம் மகதான எனக்கே சொல்லிக் குடுத்துச்சு. தொறந்து காட்டு, ஒங்கண்ணன் பாக்கட்டும்."

அவளுக்கும் பார்க்க வேண்டும்போல்தான் இருந்தது. யாருக்குத் தன்மேல் இவ்வளவு காழ்ப்பு? திருத்தங்களின் வரலாறு திரையில் விரிந்தது. பச்சை, ஊதா, சிவப்பு என்று ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் ஒரு பெயர். பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. 'திரு. பேச்சிமுத்து – திருமதி அருணா' என்ற வரியின் மேல் ஒரு கோடு. அடியில், 'பேச்சிமுத்து குடும்பத்தார்'. பக்கத்தில், செய்தவர் பெயர்.

அருணா.

சோறு வெந்துகொண்டிருந்தது ஞாபகம் வந்தது. சின்னத் தாத்தாவுக்கு இடம் பத்தவில்லை. இடம் பத்தாதபோது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். அந்த வீட்டுப் பொம்பளையின் பெயரை எடுத்துவிட்டுக் குடும்பத்தார் என்று போட்டால் அரை வரி மிச்சமாகும். இந்தக் கை எத்தனை ராமுத்தாயை, எத்தனை கருத்தம்மாவை அப்படி எடுத்திருக்கும்! ஒருத்தியாவது வந்து சண்டை போட்டதில்லை. அதனால் கை பழகிவிட்டது. கடைசியில் தன் பெயர் வந்தபோதும் கை நிற்கவில்லை, யோசிக்கவில்லை. பழைய பெட்டியாக இருந்தால் அவள் சாகிறவரை மூத்தவரைத் திட்டிக்கொண்டிருந்திருப்பாள். இது விடவில்லை. பெயர் போட்டுக் காட்டியது.

"நீயேவாத்தா?" என்றார் சின்ராசு. சத்தம் இறங்கியிருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எடம் பத்தலண்ணே."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"விடுண்ணே" என்றாள் அருணா. "பாதிக்கு மேல குடுத்தாச்சு. நாந்தான் ஆத்தான்னு ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். பத்திரிகைக்குத் தெரியலயே. எந்தங்கச்சி பேரு இல்லாத பத்திரிகைய வச்சுக்கிட்டு நான் எந்த மொகத்தோட வருவேன்? ஒம் பேரப் போட்டுக் கொண்டா. வர்றேன்."

"போடலாம். யாரையாச்சும் எடுக்கணும்ணே. யார எடுத்தாலும் சண்ட வரும்."

"என்னய எடு" என்றார் சின்ராசு.

அருணா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எந்தப் பெயர் ஒரு வரி கீழே போனதற்காக இத்தனை வருஷம் வாசல் மிதிக்காமல் இருந்தாரோ, அந்தப் பெயரைத்தான் எடுக்கச் சொல்கிறார். திரையில் எழுத்தெல்லாம் கலங்கியது. முதலாளி பக்கத்தில் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழுகாத. மதி, மதி" என்றார். மலையாளத்தாரோடு பழகிப் பழகி, போதும் என்பதுகூட அவருக்கு அப்படித்தான் வரும். "எடுத்துட்டு வெரசா அடி. ஜீப்பு நிக்குது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அருணா விசைப்பலகையை இழுத்தாள். அண்ணன் பெயரைத் தொடவில்லை. அதற்குக் கீழே இருந்த அத்தனை பெயரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். உறவுக்காரர் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டால் அதற்கொரு பஞ்சாயத்து வரும் என்று அந்த அளவை அவள் என்றைக்கும் தொட்டதில்லை. இன்றைக்குத் தொட்டாள். மூத்தவர், சித்தப்பா, நாத்தனார், முன்னாள் வார்டு உறுப்பினர் எல்லாரும் ஒரு சொடுக்கில் கொஞ்சம் சிறுத்தார்கள். சின்னத் தாத்தா அடுத்த வரிக்கு இறங்கினார். மேலே இடம் திறந்தது. வரட்டும், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும் என்று நினைத்தாள்.

ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். சின்ராசு திரைக்கு அருகே குனிந்து, விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"திருமதி அருணா."

இன்னொரு தடவையும் வாசித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ரோஜாவுக்கு மாலை கட்ட நான் மலையிலருந்தே பூவுக்குச் சொல்லிர்றேன். வர்றேன்த்தா" என்றார்.